கேட்டது நானூறு

கள்ளிக்குப்பம்
6-3-1983

அன்புள்ள பத்மா,

உன் மாமியாருக்கு முட்டிவலி குறைந்ததா? உன் கடிதத்துக்குப் பதில் போட ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. காரணமே உங்கள் கடைதான்.

நீ ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே தட்டச்சுப் பள்ளிக்குப் போய் லோயர் பரீட்சை எழுதினோமே, அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா? நீ திருநெல்வேலியில் உட்கார்ந்து ஆர்டர் தட்டுகிறாய், அது அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஸ்டெபிலைசர் கம்பெனியில் என் மேஜைக்கு வருகிறது. கவரைப் பிரிக்கும்போதே உன் தட்டு எனக்குத் தெரிந்துவிடும். இப்போதும் 'a' எழுத்தை அழுத்தித்தான் அடிக்கிறாய்.

போன வருஷம் உங்கள் கடை முதலாளி லட்சுமணன் அண்ணாச்சி மாதம் நாற்பது ஸ்டெபிலைசர் கேட்பார். இந்த மாதம் நானூறு. மின்வெட்டும் குறைந்த வோல்டேஜும் ஊருக்கே தெரிந்ததுதான், ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் பயப்படுவார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் பத்து மடங்கா? மதுரை ஐந்நூறு கேட்கிறது, சேலம் முந்நூறு. எல்லாவற்றையும் கூட்டினால் மாதம் இரண்டாயிரம் வருகிறது. எங்களால் ஐந்நூறுதான் செய்ய முடியும். அதனால் கேட்டதில் கால் பங்கு என்று எல்லோருக்கும் பிரித்து அனுப்புகிறோம்.

முதலாளி ரகுநாதன் சார் பக்கத்து ஷெட்டையும் எடுத்துவிட்டார். ஸ்டெபிலைசருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் மெஷின் புதிதாக முப்பது வருகிறது. "உங்க தெருப் பொண்ணுங்க முப்பது பேரைக் கூட்டிட்டு வாம்மா, கைவேகம் இருக்கணும்" என்றார். நானும் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

எங்கள் பின்வீட்டுக் கன்னியம்மா அக்காவை உனக்கு நினைவிருக்கும். நாகப்பன் அண்ணன் இறந்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு தவித்தவள். விதவை என்று போன வருஷம் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கொடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம்தான். நாங்கள் கொடுப்பது அதைப்போல மூன்று மடங்கு. ஆனாலும் அவள் தயங்குகிறாள். "நெலையா கீற வேலையை உட்டுட்டு வரச் சொல்றியே நாகு, இது ஒரு வருசமாவது ஓடுமா?" என்று கேட்டாள். "அஞ்சு வருசம் ஓடும்க்கா, ஆர்டரை என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. நீ கடையிலேயே இருக்கிறாய். ஒரே ஒரு வரி எழுது. நானூறு நிஜமா? இரண்டு வாரத்தில் கன்னியம்மாவுக்கு முடிவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
நாகவல்லி


திருநெல்வேலி ஜங்ஷன்
15-3-1983

அன்புள்ள நாகு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. உன் பெயர் சொல்லி வீட்டுக்குக் கடிதம் வந்தால் எனக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம்.

இங்கே வெயில் தாங்கவில்லை. தாமிரபரணியில் பாதி மணல்தான் தெரிகிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டெபிலைசர்தான் கேட்கிறார்கள். நீங்கள் போன மாதம் அனுப்பிய இருபத்தைந்தும் பத்தே நாளில் காலி. இல்லை என்று சொல்லிச் சொல்லி எங்கள் வாயெல்லாம் வறண்டுவிட்டது. அண்ணாச்சி தினம் உங்களைத்தான் திட்டுகிறார்.

நானூறா என்று கேட்டிருக்கிறாய். ஆர்டரில் என்ன இருக்கிறதோ அதுதான். அதற்குமேல் நான் என்ன சொல்ல, நான் தட்டுகிறவள்தானே. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கும் வேலை இப்போது சரியாக இல்லை. சீக்கிரம் அனுப்பச் சொல்.

கன்னியம்மா அக்காவைக் கேட்டதாகச் சொல். பெரியவள் வனஜா எத்தனாவது படிக்கிறாள்?

அன்புடன்,
பத்மா


கள்ளிக்குப்பம்
12-6-1983

அன்புள்ள பத்மா,

உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. இரண்டு ஷெட்டும் ஓடுகிறது. மே மாதத்திலிருந்து கேட்டது கேட்டபடி அனுப்புகிறோம். உங்களுக்கு நானூறு, முழுசாக நானூறு! லாரியில் ஏற்றும்போது நானே நின்று பெட்டிகளை எண்ணினேன். அண்ணாச்சி இனித் திட்டமாட்டார் அல்லவா?

கன்னியம்மா அக்கா சேர்ந்துவிட்டாள். உன் கடிதம் வந்த அன்றே போய்ச் சொன்னேன். சத்துணவுக் கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். முதல் வாரம் கம்பி அறுந்து அறுந்து அழுதாள். இப்போது முப்பது பேரில் அவள் கைதான் முதல் கை. ஒரு நாளைக்குப் பதினெட்டு காயில். மேஸ்திரி கோதண்டம் யாரையும் புகழமாட்டார். அவரே, "கன்னியம்மாவுக்கு வெரல்ல கண்ணு கீதும்மா" என்றார்.

வனஜாவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தாவணி வாங்கினாள். எட்டு முடித்து ஒன்பதாவது போகிறாள். தெருவில் என்னைக் கண்டால் இப்போது எல்லோரும் நின்று பேசுகிறார்கள். நம் வேலையால் ஒரு தெருவே அடுப்பு மூட்டுகிறது என்று நினைக்கும்போது கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கிறது.

நீ ஏன் எழுதுவதே இல்லை?

நாகு


திருநெல்வேலி
3-8-1983

நாகு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். காயில் சுற்றுவதை நிறுத்தச் சொல்.

எங்களுக்கு நானூறு எப்போதும் தேவைப்படவில்லை. கோடையில் கூட மாதம் தொண்ணூறுக்குமேல் விற்கவில்லை. நீங்கள் கேட்டதில் கால் பங்குதான் அனுப்புகிறீர்கள் என்று தெரிந்ததும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "நூறு கேட்டா இருபத்தஞ்சு அனுப்புதான். அப்ப நமக்கு நூறு வேணும்னா என்ன கேக்கணும்? நானூறு கேளும்மா. கூசாம அடி" என்றார். அடித்தேன். அதே நாளில் கோயம்புத்தூர் கம்பெனிக்கு ஒரு நானூறு, பெங்களூர் கம்பெனிக்கு ஒரு நானூறு. எவன் முதலில் அனுப்புகிறானோ அவனிடம் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் மூன்று கம்பெனியும் முழுசாக அனுப்பிவிட்டார்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்து, கரண்டும் சீராகிவிட்டது. போன மாதம் விற்றது முப்பத்தாறு. கோடவுனில் நிற்க இடமில்லை. எல்லா ஆர்டரையும் ரத்து செய்யப்போகிறார்.

நீ மார்ச்சில் கேட்டபோதே எனக்குத் தெரியும். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதோடு, நான் ஒருத்தி ஒரு எண்ணைக் கூட்டித் தட்டினால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்றும் நினைத்தேன். மதுரையிலும் சேலத்திலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து அதையே தட்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்மா


கள்ளிக்குப்பம்
21-8-1983

பத்மாவுக்கு,

உன் கடிதத்தில் தேதி 3 என்று இருக்கிறது. உறையில் திருநெல்வேலி முத்திரை 11. எட்டு நாள் எங்கே வைத்திருந்தாய்? கைப்பையிலா? உங்கள் தந்தி 9-ஆம் தேதியே வந்துவிட்டது. அதே வாரத்தில் மதுரையும் சேலமும் தந்தி அடித்தார்கள்.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்.

16-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு முப்பது பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார்கள். இரண்டாவது ஷெட் பூட்டியிருந்தது. ரகுநாதன் சார் வெளியே வரவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு, "நீதானே கூட்டிட்டு வந்தே, நீயே சொல்லிடும்மா" என்று பட்டியலைக் கையில் கொடுத்தார். இருபத்தாறு பெயர். நான்தான் படித்தேன். ஆறாவது பெயர் கன்னியம்மா.

பட்டியலில் இருந்த வேம்புலியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். அது எனக்குப் பரவாயில்லை. கன்னியம்மா சத்தமே போடவில்லை. "அப்போ நான் ஆயா வேலைக்கே திரும்பிப் போலாமா நாகு?" என்று கேட்டாள். அன்று மத்தியானமே அவளோடு சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். ஏப்ரலிலேயே அந்த இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்களாம். அமைப்பாளர் அம்மா என்னைப் பார்த்து, "அரசாங்க வேலையை விடச் சொல்லி எவளோ புத்தி சொல்லியிருக்கா பாரு" என்றாள். கன்னியம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

மார்ச்சில் நான் உன்னிடம் ஒரு வரிதான் கேட்டேன். 'ஆர்டரில் இருப்பதுதான்' என்று எழுதினாய். அதை நம்பித்தான் அவள் வீட்டுப் படியேறினேன்.

இனி எனக்கு எழுதாதே.

நாகவல்லி


(அஞ்சல் அட்டை)
10-9-1983
இந்த வாரம் விற்றது 9.
பத்மா


(அஞ்சல் அட்டை)
17-9-1983
இந்த வாரம் விற்றது 7.
பத்மா


(அஞ்சல் அட்டை)
24-9-1983
இந்த வாரம் விற்றது 11. வந்ததில் பெரும்பகுதியை நஷ்டத்துக்கு வெளியூர்க் கடைகளுக்குத் தள்ளிவிட்ட பிறகும் கோடவுனில் இருப்பு 500. இருப்பு தீரும்வரை உங்களிடம் வாங்கமாட்டார்.
பத்மா


திருநெல்வேலி
1-11-1983

நாகு,

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். அதனால்தான் வெறும் எண்ணை மட்டும் அனுப்பினேன். எட்டு வாரம் ஆகிவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அட்டைகள் உன் கைக்குக் கிடைக்கின்றனவா, அடுப்புக்குப் போகின்றனவா என்றுகூடத் தெரியவில்லை.

ஏன் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பில் புத்தகத்தைக் கூட்டுவது என் வேலை. அன்றைக்கு எத்தனை பேர் கடைக்கு வந்து, காசு கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது அதில் இருக்கிறது. அதில் அண்ணாச்சியின் பயமோ சாமர்த்தியமோ கலக்காது. அண்ணாச்சி இனி எந்த ஆர்டரைத் தட்டச் சொன்னாலும் நான் தட்டத்தான் வேண்டும். ஆனால் அதோடு இந்த எண்ணும் உன்னிடம் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் அல்லவா?

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. எட்டு நாள் அந்தக் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. நீ சொன்னது சரி.

கன்னியம்மா அக்கா இப்போது என்ன செய்கிறாள்?

பத்மா


கள்ளிக்குப்பம்
8-1-1984

பத்மா,

முதல் அட்டையைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதைக் கிழிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

டிசம்பரில் எல்லா அட்டையையும் ரகுநாதன் சார் மேஜையில் வரிசையாக வைத்து, பக்கத்தில் உங்கள் பழைய ஆர்டர்களையும் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். "நாற்பதுதான் விக்கறாங்களா? நான் இதுக்கா ஷெட் எடுத்தேன்?" என்றார். அவரும் நொந்துபோயிருந்தார். அதனால் நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். இரண்டே விஷயம்தான் சொன்னேன். கடைக்காரர் கேட்பதை வைத்துச் செய்யாதீர்கள், வாராவாரம் விற்றதை வைத்துச் செய்யுங்கள். சரக்குப் பற்றாமல் போனால், யார் எவ்வளவு கேட்டார்கள் என்று பார்த்துப் பங்கு வைக்காதீர்கள். போன வருஷம் யார் எவ்வளவு விற்றார்கள் என்று பார்த்து வையுங்கள். அதிகம் கேட்டால் அதிகம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் எதற்காகக் கூட்டிக் கேட்பார்கள்?

சேலம் கடையில் தட்டச்சு செய்யும் தாயம்மாளுக்கு எழுதினேன். அவளும் சனிக்கிழமை அட்டை போடுகிறாள். ஒரு மாதமாக அப்படித்தான் செய்கிறோம். ஷெட்டில் தேங்கி நிற்கும் பெட்டி ஒன்றுகூட இல்லை. முப்பதில் மிஞ்சியிருந்த நான்கு பேரோடு இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. இந்த ஒன்பது பேருக்கும் ஒருநாள்கூட வேலை இல்லாமல் போகவில்லை. ஒன்பதுதான். முப்பது இல்லை. ஆனால் இந்த ஒன்பது நிஜம்.

ஐந்து பேரில் முதல் பெயராகக் கன்னியம்மாவைச் சொன்னேன். சார் ஒத்துக்கொண்டார். ஓடிப்போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். வனஜாதான் வெளியே வந்தாள். "அம்மாவால முடியாதுக்கா" என்றாள்.

குமணன்சாவடியில் மாடிவீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். அக்டோபரில் தளத்துக்கு அடித்திருந்த பலகை சரிந்து வலது கைமேல் விழுந்திருக்கிறது. இரண்டு விரல் மடங்கவில்லை. பின்வீடுதான், பத்மா. மூன்று மாதமாக எனக்குத் தெரியவில்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

அட்டையை நிறுத்திவிடாதே.

நாகு


திருநெல்வேலி
24-2-1984

அன்புள்ள நாகு,

இது கடையிலிருந்து எழுதுவதில்லை. எனக்கு இனிக் கடை இல்லை.

இந்த வருஷமும் மின்வெட்டு வரும் என்று பேச்சு கிளம்பியதுமே அண்ணாச்சி டிரங்க் கால் போட்டு, இருநூறு வேண்டும் என்று உங்கள் முதலாளியிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் அண்ணாச்சி முகம் மாறியது. "நாப்பதா? நான் நாப்பதுதான் விக்கேன்னு உமக்கு எவன்வே சொன்னான்?" என்று கத்தினார். போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பில் புத்தகம் கூட்டுகிறவள் நான் ஒருத்திதானே.

பொய் சொல்லவில்லை. வாராவாரம் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "எங் கடையில எத்தனை விக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிட்டுன்னா, பொறவு நான் எதை வச்சுப் பேச? நாளைக்கு அவன் வெலை ஏத்துவான், பக்கத்துக் கடைக்காரனுக்குச் சொல்லுவான். நீ நல்லதுன்னுதான் செஞ்சிருப்பே. ஆனா இனிமே உன்னை உள்ள வச்சுக்கிட முடியாதும்மா" என்றார். அவர் சொல்வதிலும் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் அதிகமாக வலிக்கிறது.

சேலத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். தாயம்மாள் அட்டையும் இனி வராது.

அத்தை நான்கு நாளாகப் பேசவில்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை சரியாகவில்லை. கோடவுனில் இன்னமும் முந்நூறு பெட்டி இருக்கிறது, நாகு. அதை வைத்துக்கொண்டேதான் இருநூறு கேட்டார். இதுதான் என்னால் உனக்குச் சொல்ல முடிகிற கடைசி எண்.

பத்மா


கள்ளிக்குப்பம்
15-4-1984

அன்புள்ள பத்மா,

உன் வேலை போனதற்கு ரகுநாதன் சாரின் வாய் காரணம் என்று இரண்டு மாதமாக என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உன் அட்டைகளை அவர் மேஜையில் வைத்தவள் நான். இந்த எண்ணை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

இங்கே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மார்ச் கடைசியில் உங்கள் கடையிலிருந்து அறுநூறு கேட்டு ஆர்டர் வந்தது. யாரோ புதியவள் தட்டியிருக்கிறாள். மதுரை எழுநூறு. முந்நூறு பெட்டி அங்கே கிடக்கிறது, நம்பாதீர்கள் என்று சாரிடம் மன்றாடினேன். "அட்டை இருந்தா காட்டும்மா" என்றார். இல்லையே. "கோயம்புத்தூர்காரன் மெஷின் வாங்கிட்டான். இந்த ஆர்டரை நான் நம்பாம உட்கார்ந்திருந்து, அது நெசமா இருந்துட்டா? அப்புறம் என் கம்பெனிக்கு எவன் வருவான்?" என்றார். பயந்துபோன மனிதரிடம் என்ன பேசுவது? எல்லோருக்கும் கேட்டதில் பாதி என்று பிரிக்கச் சொல்லிவிட்டார். அது தெரிந்தால் அடுத்த மாதம் அவர்கள் ஆயிரத்து இருநூறு கேட்பார்கள். உனக்கும் எனக்கும் தெரியும்.

தெருவில் போய் ஆள் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. கோதண்டத்தை விட்டு வாசல் கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று பலகை மாட்டச் சொன்னார். வியாழக்கிழமை காலை நாற்பது பெண்கள் வந்து நின்றார்கள்.

நான் வெளியே போய், யார் என்ன நினைத்தாலும் சரி என்று உண்மையைச் சொன்னேன். "இது நெலைக்காதும்மா. மழை விழுந்தா ஷெட்டைப் பூட்டிடுவாங்க. போன வருசம் மாதிரியே நடக்கும். இருக்கிற வேலையை விட்டுட்டு யாரும் வராதீங்க" என்றேன்.

ஒருத்திகூட நகரவில்லை. வேம்புலியம்மாள்தான் பேசினாள். "தெரியும் நாகு. எங்களுக்கு இன்னா வேற வேலையா கீது உட்டுட்டு வர்றதுக்கு? மழை வர்ற வரைக்கும் துன்னலாம்ல. நீ பேரை எய்து."

மேஜை போட்டு எழுதினேன். பெயர், அப்பா அல்லது புருஷன் பெயர், வயசு. பன்னிரண்டாவதாக வனஜா நின்றாள். கன்னியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள், இடது கையால். இன்னும் நான்கு நாளில் ஒன்பதாவது முழுப்பரீட்சை. ஏன் வந்தாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"வயசு?" என்று கேட்டேன். வனஜா வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா சொன்னாள்.

"பதினெட்டுன்னு போடு நாகு."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. வனஜா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு என் அம்மாவோடு நானும் போயிருந்தேன். அவளுக்குப் பதினாலு. கன்னியம்மாவுக்கும் எனக்கும் அது நன்றாகத் தெரியும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. கெஞ்சவும் இல்லை. நான் எழுதுவேன் என்று தெரிந்தவள் மாதிரி நின்றாள்.

எழுதினேன், பத்மா. பதினெட்டு.

அண்ணாச்சி நானூறு என்று சொன்னபோது நீ எப்படித் தட்டினாய் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை உன்னைக் கேட்டிருக்கிறேன். இனிக் கேட்கமாட்டேன்.

வனஜாவுக்கு மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே ஒன்பது காயில் சுற்றிவிட்டாள். கம்பி ஒருதடவைகூட அறுந்துபோகவில்லை. கெட்டிக்காரி என்கிறார் கோதண்டம்.

நாகு